புதிய பிரம்பு இனத்தை விவரிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

மழைக்காட்டில் மரங்களைப் பற்றி ஏறும் ஒரு பிரம்பு கண்ணில் படுகிறது. கைவசம் உள்ள எந்த அடையாள நூலிலும் அது அடங்கவில்லை. புது இனமோ என்ற எண்ணம் உடனே வரும். இருக்கலாம். ஆனால் அதை உறுதிசெய்ய வேண்டிய வேலையில் பாதியைச் செடி கண்முன் இருக்கும்போதே, காட்டிலேயே முடித்தாக வேண்டும். அங்கே குறிக்காமல் விட்ட நிறத்தையும் நீளத்தையும் காய்ந்த மாதிரியிலிருந்து திரும்பப் பெற முடியாது.

பிரம்பு, பனைக் குடும்பத்தின் கலமாய்டியே என்ற துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் மிகப் பெரிய பேரினம் கலாமஸ். 400க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. அவற்றில் பல ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே "இது வித்தியாசமாக இருக்கிறது" என்பது போதாது. எந்த இனத்திலிருந்து, எந்த உறுப்பில், எவ்வளவு வித்தியாசம் என்று காட்ட வேண்டும்.

1. அனுமதி

மாதிரி எடுக்கும் அனுமதி, வெளிநாடு என்றால் ஏற்றுமதி அனுமதி, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டே காட்டுக்குள் போங்கள். மரபு வளங்களைப் பயன்படுத்துவது பற்றிய நகோயா நெறிமுறை 2014இல் நடைமுறைக்கு வந்தது. அனுமதி எண் இல்லாத மாதிரியை அடிப்படையாகக் கொண்ட கட்டுரையைப் பல ஆய்விதழ்கள் ஏற்பதில்லை.

2. செடியை இறக்குவதற்கு முன்

முதலில் கத்தியை எடுக்காதீர்கள். சுற்றி வந்து பாருங்கள். ஒற்றைத் தண்டா, அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பும் குத்தா? எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது? சில பிரம்புகளின் தண்டு 100 மீட்டரையும் தாண்டும் என்பதால் மதிப்பிட்டுத்தான் எழுத முடியும். மதிப்பீடு என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எதைக் கொண்டு ஏறுகிறது என்று பாருங்கள். இலையின் நடுக்காம்பு நுனியைத் தாண்டி, கொக்கி முட்கள் கொண்ட சாட்டையாக நீண்டிருந்தால் அது சிர்ரஸ். தண்டை மூடியிருக்கும் இலையுறையிலிருந்து தனியாக ஒரு சாட்டை கிளம்பினால் அது ஃபிளாஜெல்லம். பூக்காத மஞ்சரிதான் (பூங்கொத்துதான்) அப்படி மாறியிருக்கிறது. பெரும்பாலான ஏறு பிரம்புகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கும். எது என்று தெரிந்தாலே ஒப்பிட வேண்டிய பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும். இளஞ்செடியில் இரண்டுமே இல்லாமல் போகலாம், முட்களும் வேறு மாதிரி இருக்கும். அதனால் இளஞ்செடியை மட்டும் வைத்துப் புது இனம் விவரிக்க வேண்டாம்.

தடிமனான தோல் கையுறை கட்டாயம். இழுக்கும்போது மேலிருந்து காய்ந்த கிளைகளும் எறும்புக் கூடுகளும் சேர்ந்து விழும். சில பிரம்புகளில் எறும்புகள் குடியிருக்கும். கொர்தால்சியா பேரினத்தின் சில இனங்களில் இலையுறையின் மேல்நீட்சி உப்பியிருக்கும், அதற்குள் எறும்பு வாழும். இருந்தால் அதையும் எழுதுங்கள், முடிந்தால் சில எறும்புகளையும் எத்தனாலில் போட்டு வையுங்கள்.

3. இலையுறைக்கு நேரம் ஒதுக்குங்கள்

தண்டை மூடியிருக்கும் முள் நிறைந்த குழாய்தான் இலையுறை. பூவும் காயும் கிடைக்காத நாளில்கூட இனத்தைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இதுதான். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள் என்பேன்.

கைபடும் முன் படம் எடுங்கள். உறையின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய பொடியும் செதிலும் விரல் பட்டாலே உதிரும். அதன் நிறம் பழுப்பா, வெள்ளையா, துருநிறமா என்பது முக்கியம். புதிதான உறையின் நிறமும் காய்ந்தால் மாறிவிடும். அப்புறம் முட்கள். தட்டையான முக்கோணமா, ஊசியா? அடிப்பகுதி தடித்திருக்கிறதா? மேல்நோக்கியா, கீழ்நோக்கியா? தனித்தனியாகவா, சாய்ந்த வரிசைகளிலா, தண்டைச் சுற்றிய வளையங்களாகவா? விளிம்பில் மயிர் உண்டா? உறையின் வாய்ப்பகுதி முட்கள் மற்றவற்றைவிட நீளமா? ஒரு முள்ளை மட்டும் அளக்காமல், மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் அளந்து "0.4–2.8 செ.மீ." என்பது போல வீச்சாக எழுதுங்கள்.

இலைக்காம்பு உறையோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கலாம். அதை முட்டி என்கிறோம். இருக்கிறதா, முள்ளோடா முள் இல்லாமலா என்று குறியுங்கள். தண்டின் விட்டத்தை உறையோடு ஒரு முறையும், உறையை உரித்துவிட்டு ஒரு முறையும் காலிப்பர் வைத்து அளக்க வேண்டும். இரண்டு எண்களும் விவரிப்பில் வரும்.

4. மாதிரி எடுப்பது

பிரம்பின் இலை ஒன்றே பல மீட்டர் நீளம் போகும். உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியத்தின் ஒரு தாளில் அடங்காது. எனவே வெட்டுவதற்கு முன் இலையின் மொத்த நீளம், காம்பின் நீளம், ஒவ்வொரு பக்கமும் உள்ள சிற்றிலைகளின் எண்ணிக்கை, அவை சீராக அமைந்திருக்கின்றனவா கூட்டம் கூட்டமாகவா என்பதை எழுதிவிட்டு, அடி, நடு, நுனி என்று மூன்று பகுதிகளை எடுங்கள். கூடவே உறையோடு கூடிய தண்டுத் துண்டு, ஏறும் சாட்டை, முழு மஞ்சரி. ஒவ்வொரு துண்டிலும் ஒரே சேகரிப்பு எண் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். ஒரு துண்டு அட்டையில்லாமல் போனாலும், அது எந்தச் செடியுடையது என்ற சந்தேகம் கடைசி வரை தொடரும்.

கலாமஸில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிச் செடிகளில் வரும். ஆகவே ஆண் செடியையும் தேடுங்கள். அதற்கு வேறு எண். பூக்களையும் சில காய்களையும் 70 சதவீத எத்தனாலில் போடலாம். மரபணு ஆய்வுக்கு இலைத் துண்டு சிறிது, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில். அன்றே உலர்த்த வழியில்லை என்றால், செய்தித்தாளில் மடித்த மாதிரிகளை எத்தனாலால் நனைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் அழுகாது. ஆனால் நிறம் போய்விடும். நிறக்குறிப்பு ஏற்கெனவே நோட்டில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

காயில் இரண்டு விஷயம். மேலே அடுக்கடுக்காக இருக்கும் செதில்கள் எத்தனை நெடுவரிசைகள் என்று எண்ணுங்கள். பிறகு விதையைக் குறுக்கே வெட்டுங்கள்: உள்ளே ஒரே சீராக வெண்மையா, அல்லது பாக்கை வெட்டினால் தெரிவது போலப் பழுப்பு வரிகள் உள்ளே ஓடுகின்றனவா? இந்த வேறுபாடு இனங்களைப் பிரிக்க உதவும்.

5. ஒப்பீடு

இங்கேதான் பொறுமை வேண்டும். நெருங்கிய இனங்களின் முதல் விவரிப்புகளையும், அந்தப் பெயர்களுக்கு ஆதாரமான மூல மாதிரிகளின் படங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இத்தாலியத் தாவரவியலாளர் ஒடோவார்டோ பெக்காரி 1908இல் வெளியிட்ட கலாமஸ் பெருந்தொகுப்பு இன்றும் தேவைப்படுகிறது. பெர்லின் ஹெர்பேரியத்தில் இருந்த பல மூல மாதிரிகள் 1943 குண்டுவீச்சில் எரிந்துபோயின. அப்படிப்பட்ட பெயர்களுக்கு வேறு ஹெர்பேரியங்களில் அதே சேகரிப்பின் படிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

உங்கள் செடி ஏற்கெனவே பெயரிடப்பட்ட ஒன்றின், நிழலில் வளர்ந்த வடிவமாகவோ இளவடிவமாகவோ இருக்கலாம். ஒரு இனத்தின் பல மாதிரிகளைப் பார்த்தால்தான் அதற்குள் எவ்வளவு மாறுபாடு உண்டு என்று தெரியும். ஒரே ஒரு பண்பில், அதுவும் அளவில் மட்டும் வேறுபாடு என்றால் நிறுத்திவிடுவது நல்லது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று பண்புகள் சேர்ந்தே மாறினால்தான் நம்பிக்கை வரும்.

6. பெயரும் எழுத்தும்

பெயர் ஏற்கெனவே யாராவது வைத்ததா என்று ஐ.பி.என்.ஐ. என்ற சர்வதேசத் தாவரப் பெயர்த் தரவுத்தளத்தில் தேடுங்கள். 2015இல் டெமோனோரோப்ஸ் உள்ளிட்ட நான்கு பேரினங்கள் கலாமஸுக்குள் சேர்க்கப்பட்டன. அவற்றிலிருந்து வந்த பெயர்களும் இப்போது கலாமஸில்தான் இருக்கின்றன, அதையும் பாருங்கள்.

பெயர் செல்லுபடியாக, தாவரப் பெயரிடல் விதிகளின்படி லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரிப்போ வேறுபாட்டுக் குறிப்போ வேண்டும். லத்தீன் கட்டாயம் என்பது 2012 ஜனவரி 1 முதல் இல்லை. ஹோலோடைப் எனப்படும் ஒரே மூல மாதிரியையும், அது எந்த ஹெர்பேரியத்தில் உள்ளது என்பதையும் குறிப்பிட வேண்டும். பிரம்பு பல தாள்களில் பரவும் என்பதால் எல்லாத் தாள்களிலும் "5இல் 2ஆம் தாள்" என்பது போல எழுதுங்கள். அப்போதுதான் அவை ஒரே மாதிரியின் பகுதிகளாக எடுத்துக்கொள்ளப்படும்.

வேறுபாட்டுக் குறிப்பு சுருக்கமாக இருக்கட்டும். கற்பனையான ஒரு உதாரணம்: "'அ' இனத்தை ஒத்தது, ஆனால் உறை முட்கள் வளையங்களாக அமைந்தவை (சிதறியவை அல்ல), சிற்றிலைகள் கூட்டமாக உள்ளவை (சீரானவை அல்ல), விதை வரிகளுடையது (வரிகளற்றது அல்ல)." முழு விவரிப்பை அடியிலிருந்து நுனிக்கு, தண்டு, உறை, இலை, சாட்டை, மஞ்சரி, பூ, காய் என்ற வரிசையில் எழுதுங்கள். மற்ற இனங்களின் விவரிப்புகளும் அதே வரிசையில் இருப்பதால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது எளிது.

7. பாதுகாப்பு நிலை

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) அளவுகோல்படி நிலையை மதிப்பிட ஜியோகேட் என்ற இணையக் கருவி உதவும். 2 கி.மீ. பக்கமுள்ள சதுரக் கட்டங்களில் கணக்கிட்டு, வாழும் பரப்பு 10 சதுர கி.மீ.க்குக் குறைவு என்றால் மிக ஆபத்தான நிலைக்கான ஒரு வரம்பைத் தொடுகிறது. ஆனால் அதனுடன் வாழிடம் சிதறல், தொடரும் சரிவு போன்றவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

பிரம்பை வெட்டி விற்கிறார்கள். பூத்துக் காய்ப்பதற்கு முன்பே பல தண்டுகள் போய்விடுகின்றன. அதனால் அச்சில் வரும் இடக்குறிப்பில் துல்லியமான ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) கொடுக்காமல், மலைத்தொடரின் பெயரும் உயர வீச்சும் மட்டும் கொடுங்கள். முழு ஆயங்கள் ஹெர்பேரியப் பதிவேட்டில் இருக்கட்டும். ஆய்வுக்காகக் கேட்பவருக்கு அங்கிருந்து கிடைக்கும்.