மரக்கன்று விழாச் செய்தியை வெளியிடும் முன் சரிபார்ப்பது எப்படி?

ஆலை நிர்வாகம் அனுப்பும் பத்திரிகைக் குறிப்பை, ஆயிரக்கணக்கான மரக்கன்றுகள் நடப்பட்டன என்ற படத்தோடு அப்படியே அச்சேற்றினால், அது கட்டணமில்லாத விளம்பரமாகவே அமையும். அதைச் செய்தியாக்க விரும்பும் செய்தியாளர், அந்தச் செலவு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆவது பிரிவின் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் (நிகர மதிப்பு, விற்றுமுதல் அல்லது லாபம் குறிப்பிட்ட அளவை எட்டியவை), முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆகவே ‘தாராள உள்ளம்’ என்று தலைப்பிடத் தேவையில்லை. ஒப்புதல் பெற்ற திட்டங்கள் நிறுவனத்தின் இணையதளத்திலும், செலவு விவரம் ஆண்டறிக்கையிலும் இருக்கும். குறிப்பில் உள்ள தொகையை அவற்றோடு ஒப்பிடுங்கள்.

பலரும் கவனிக்கத் தவறுவது இனிமேல்தான் வருகிறது. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, வேறொரு சட்டத்தின் கீழ் செய்தே தீர வேண்டிய பணியைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்ட முடியாது. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைகள் பலவற்றுக்கு, வளாகத்தில் பசுமை வளையம் அமைப்பது அனுமதியோடு வந்த நிபந்தனை. எனவே கன்றுகள் மதிலுக்கு உள்ளே நிற்கின்றனவா வெளியே நிற்கின்றனவா என்பதை நேரில் போய்ப் பாருங்கள். பிறகு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் அனுமதிக் கடிதத்தைத் தேடி, அதன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அந்த நிபந்தனைகள் எவ்வளவு நிறைவேறின என்ற அரையாண்டு அறிக்கையை ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிறுவனம் அளிக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. அது பொது ஆவணம்; கிடைக்காவிட்டால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடுங்கள். கன்று நட்ட அதே மாதங்களில் கழிவுநீர் பற்றி வாரியம் விளக்கம் கேட்டிருந்தால், இரண்டும் ஒரே செய்தியில் இடம்பெற வேண்டும்.

கன்றுகளைப் பற்றியும் கேட்க வேண்டியது உண்டு: என்ன இனம், தண்ணீர் ஊற்றுவது யார், சென்ற ஆண்டு நட்டவற்றில் எத்தனை பிழைத்தன? கடைசிக் கேள்விக்கு விழா மேடையில் பதில் கிடைப்பது அரிது. கோடை முடிந்ததும் அதே இடத்துக்குப் போனால் எண்ணிவிடலாம்.

எழுதி முடித்ததும் நிறுவனத்தின் விளக்கத்தை எழுத்தில் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்நிறுவனம் உங்கள் இதழுக்கு விளம்பரம் தருகிறது என்றால், அதையும் செய்தியின் அடியில் ஒரு வரியாகத் தெரிவியுங்கள்.