ஒரு வாளித் தண்ணீரில் கார் கழுவலாம்

அரை வாளித் தண்ணீரில், 8 லிட்டர் போதும், 30 மில்லி ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற, அலசத் தேவையில்லாத கார் கழுவும் திரவத்தைக் கலந்து (பாட்டிலில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு) ஆறேழு மைக்ரோஃபைபர் துணிகளை ஊறப்போடுங்கள். ஹோஸ் வேண்டாம், அலசவும் வேண்டாம். துணியை நாலாக மடித்தால் எட்டுப் பக்கம்; கூரையில் தொடங்கி ஒரே திசையில் துடைத்து, பக்கம் அழுக்கானதும் திருப்புங்கள். அழுக்கான துணியை மறுபடி வாளியில் முக்கக் கூடாது. உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

திரவத்திலுள்ள பாலிமர் தூசியைச் சூழ்ந்து வழுக்கலாக்குவதால் பெயிண்டில் உரசுவது குறையும். புதுச்சேரி அடுக்குமாடிவாசிகளுக்கு, குறிப்பாகக் குழாய் எட்டாத பார்க்கிங்கில், இது பெரிய நிம்மதி.

கடலூர் சில்வர் பீச் போய் மணல் அப்பிய வண்டிக்கும், மழைச் சேற்றுக்கும் இது ஆகாது. முதலில் தண்ணீர் பீய்ச்சியே ஆகவேண்டும். உச்சி வெயிலிலும் வேண்டாம், திட்டுத் திட்டாகக் காயும்.