புயல் மழைக்கு முன் லிஃப்டை மேலே நிறுத்துங்கள்

கடல் இல்லாத ஊர்தானே என்று இருந்துவிட வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. கிருஷ்ணகிரி அப்பார்ட்மெண்ட்வாசிகளே, மழை வலுக்கும் முன்பே லிஃப்டை மேல்மாடிக்கு ஏற்றி, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு அதன் மெயினை அணையுங்கள். கீழே நின்றால் குழியில் தேங்கும் தண்ணீர் அடிப்பக்க வயரிங்கை நனைத்துவிடும். பால்கனியில் தண்ணீர் வடியும் ஜாலியில் ஒட்டிய இலை, ஷாம்பு பாக்கெட்டை எடுத்துவிடுங்கள். அது அடைத்தால் தண்ணீர் ஹாலுக்குள்தான் வரும்.

சம்ப்பில் செம்மண் தண்ணீர் புகுந்துவிட்டதா? அதிலேயே பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், கலங்கலில் குளோரின் வீணாகிவிடும். முழுதும் இறைத்து, கழுவி, நல்ல தண்ணீர் நிரப்புங்கள். பிறகு 1000 லிட்டருக்கு 4 கிராம் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்குங்கள்.