மட்டிப் பழத்தில் ஒரு கணக்கு

மூன்று வயதுப் பிள்ளை பத்து வரை கடகடவென்று சொன்னாலும், எண்ணத் தெரிந்துவிட்டதாக அர்த்தமில்லை. நாகர்கோவில் வடசேரி சந்தையில் வாங்கிய மட்டி வாழைப்பழச் சீப்பிலிருந்து ஐந்து பழம் மட்டும் பிய்த்து வரிசையாக வையுங்கள். ஒரு பழத்தைத் தொட்டால் ஒரு எண், அவ்வளவுதான். முடித்ததும் "மொத்தம் எத்தனை பழம், மக்களே?" என்று கேளுங்கள். திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினால் அதட்ட வேண்டாம். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும். இந்த வயதில் அதுதான் பெரிய படி. "அஞ்சு இருக்கு" என்று நீங்களே சொல்லிக் காட்டுங்கள். அப்புறம் பழங்களைத் தள்ளித் தள்ளி வைத்துக் கேளுங்கள். வரிசை நீண்டதால் "கூடிப்போச்சு" என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். பதில் சொல்லாமல் எண்ண விடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு வைக்கும் வேலையும் அவர்களுக்கே.