ஆஸ்திரேலியாவில் அக்கவுண்டிங் இன்டர்வியூ: முதன்முறை போகிறவர்களுக்கு

சிட்னிக்கு வந்த புதிதில் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ரெக்ரூட்டர் அழைத்தார். "எழுபதாயிரம், பிளஸ் சூப்பர், ஓகேவா?" என்று கேட்டார். என்னைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "யெஸ், சூப்பர்!" என்றேன். அந்தப் பக்கம் இரண்டு விநாடி சத்தமே இல்லை. சூப்பர் என்றால் சூப்பர்ஆனுவேஷன், அதாவது நம் ஊர் பிஎஃப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பது வீட்டுக்குப் போய்த் தேடியபோதுதான் தெரிந்தது.

டெபிட், கிரெடிட் எந்த ஊரிலும் ஒன்றுதான். சென்னையில் ஐந்து வருடம் கணக்கு எழுதியவருக்கு இங்கே வேலை தெரியாமல் போவதில்லை. இந்த ஊர்ப் பெயர்களும் தேதிகளும் வாயில் வராததால்தான் இன்டர்வியூவில் தடுமாறுகிறோம். தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வாரத்தில் அதைச் சரிசெய்துவிடலாம். நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: விளம்பரத்தைப் பிரித்துப் படியுங்கள்

சீக் என்ற வேலைவாய்ப்புத் தளம், லிங்க்ட்இன் இரண்டிலும் அக்கவுண்டன்ட் என்ற ஒரே பெயரில் நான்கு விதமான வேலைகள் வரும். அக்கவுண்ட்ஸ் பேயபிள் என்றால் சப்ளையர் பில்களைப் பதிந்து பணம் அனுப்புவது. அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள் என்றால் வர வேண்டிய பணத்தைத் துரத்துவது. அசிஸ்டன்ட் அக்கவுண்டன்ட் என்றால் மாத முடிவு வேலைகள், ஜர்னல், ரெக்கன்சிலியேஷன் (வங்கி அறிக்கையையும் புத்தகத்தையும் ஒத்துப்பார்ப்பது). 'பப்ளிக் பிராக்டிஸ்' என்று போட்டிருந்தால் அது ஆடிட்டர் ஆபீஸ் மாதிரி. பல வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் எந்த மென்பொருள் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சின்ன நிறுவனம் என்றால் பெரும்பாலும் ஜீரோ அல்லது எம்ஒய்ஓபி. (ஜீரோ என்பது பூஜ்யம் இல்லை, மென்பொருளின் பெயர்.) பெரிய இடங்களில் எஸ்ஏபி, நெட்சூட் இருக்கும். டேலி இங்கே அநேகமாக யாருக்கும் தெரியாது. "டேலியில் கில்லாடி" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

படி 2: உங்கள் அனுபவத்தை இந்த ஊர்ப் பெயர்களில் சொல்லிப் பழகுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் நீங்கள் செய்த வேலை, வலது பக்கம் அதற்கு இங்குள்ள பெயர்.

சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்தீர்களா? இங்கே அது பிஏஒய்ஜி வித்ஹோல்டிங். மாதா மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டீர்களா? இங்கே பிசினஸ் ஆக்டிவிட்டி ஸ்டேட்மென்ட்; எல்லோரும் 'பாஸ்' என்றே சொல்வார்கள். ஜிஎஸ்டி எண் இருக்கும் இடத்தில் இங்கே 11 இலக்க ஏபிஎன் (ஆஸ்திரேலியன் பிசினஸ் நம்பர்). வரித்துறையின் பெயர் ஏடிஓ. ஜிஎஸ்டிக்கு ஒரே விகிதம், 10 சதவீதம். 2000 ஜூலை 1-இல் வந்தது, இன்றுவரை மாறவில்லை. மத்திய, மாநிலப் பிரிவினையும் கிடையாது. ஆண்டு விற்பனை 75,000 டாலரைத் தொட்டால் பதிவு கட்டாயம்.

பிஎஃப், இலங்கையில் ஈபிஎஃப் பார்த்தவர்களுக்கு சூப்பர் புரிந்துவிடும். ஒரு வித்தியாசம்: கட்டாயப் பங்கு முழுவதும் முதலாளியுடையது, ஊழியர் சம்பளத்தில் அதற்காகப் பிடிப்பதில்லை. 2025 ஜூலை 1 முதல் 12 சதவீதம். முன்பு காலாண்டு முடிந்து 28 நாளுக்குள் கட்டினால் போதும். 2026 ஜூலை 1 முதல் ஒவ்வொரு சம்பள நாளுக்குப் பிறகும் 7 வேலை நாட்களுக்குள் ஊழியரின் சூப்பர் ஃபண்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. பேரோல், அதாவது சம்பளக் கணக்கு வேலைக்குப் போகிறவர் இதைத் தெரியாமல் உள்ளே நுழையக் கூடாது.

நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மார்ச் 31 என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். ஆனால் எஃப்பிடி என்ற ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் வரிக்கு (சம்பளம் தவிர ஊழியருக்குத் தரும் சலுகைகளுக்கான வரி) மட்டும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்னொரு விஷயம், லட்சம் கோடியை மறந்துவிடுங்கள். "ஃபைவ் லாக்ஸ்" என்றால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. அரை மில்லியன் அல்லது ஐநூறாயிரம்.

படி 3: ஒரு காஃபிக் கடையின் கணக்கை உங்கள் கையால் போடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். 'பாஸ் பற்றித் தெரியும்' என்பதும் 'பாஸ் போட்டிருக்கிறேன்' என்பதும் பேச்சிலேயே தெரிந்துவிடும். ஜீரோவில் டெமோ கம்பெனி இலவசமாகக் கிடைக்கிறது. நாடு கேட்கும்போது ஆஸ்திரேலியாவைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் வெறும் எக்செல்லில் இந்தக் கற்பனைக் கடையைப் போட்டுப் பாருங்கள். சிட்னியின் பாரமட்டாவில் ஒரு காஃபிக் கடை, மாதா மாதம் பாஸ் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தொகையும் ஜிஎஸ்டி சேர்த்தது.

விற்பனை 33,000 டாலர். எல்லாமே காஃபி, கேக், சூடான சாப்பாடு. பத்து சதவீத வரி உள்ளே இருக்கும் தொகையை 11-ஆல் வகுத்தால் வரி வந்துவிடும்: 3,000. பாஸ் படிவத்தில் இது 1ஏ கட்டம். 33,000-இல் பத்து சதவீதம் 3,300 என்று போட்டால் அங்கேயே தோற்றோம். நிறையப் பேர் விழும் குழி அது.

செலவுக்கு வருவோம். பால், காஃபிக்கொட்டை, பிரெட் 6,000. இவற்றில் ஜிஎஸ்டி இல்லை, அடிப்படை உணவுக்கு வரிவிலக்கு. ஆனால் அதே பாலையும் கொட்டையையும் காஃபியாகப் போட்டு விற்றால் வரி உண்டு. வாடகை 4,400, வரி 400. கடை வாடகைக்கு வரி உண்டு, குடியிருக்கும் வீட்டு வாடகைக்குக் கிடையாது. மின்சாரம் 660, வரி 60. பேப்பர் கப் 440, வரி 40. வங்கிக் கணக்குக் கட்டணம் 10, வரி இல்லை. ஆனால் கார்டு மெஷினுக்கான கட்டணம் 330, அதில் வரி 30 உண்டு. இந்த இரண்டும் வங்கி அறிக்கையில் அடுத்தடுத்து வரும். புதியவர்கள் இரண்டுக்கும் ஒரே வரிக் குறியீட்டைப் போட்டுவிடுவார்கள். புது காஃபி மெஷின் 5,500, வரி 500. இது முதலீட்டுக் கொள்முதல்; முழு பாஸ் படிவம் போடும் பெரிய நிறுவனங்களில் ஜி10 கட்டத்தில் வரும். மெஷினுக்குத் தேய்மானம் ஆண்டுக்கணக்கில் போட்டாலும் ஜிஎஸ்டி முழுவதையும் இப்போதே எடுத்துக்கொள்ளலாம். இது கேட்கப்படும் கேள்வி.

400, 60, 40, 30, 500 கூட்டினால் 1,030. இது 1பி கட்டம். ஆக, கட்ட வேண்டிய ஜிஎஸ்டி 1,970.

அப்புறம் சம்பளம். மொத்தம் 10,000, டபிள்யூ1 கட்டம். பிடித்த வரி 1,800, டபிள்யூ2. சம்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. எல்லாம் சேர்த்து ஏடிஓவுக்கு 3,770. சூப்பர் 1,200 எங்கே என்று தேடாதீர்கள். அது பாஸில் வராது, நேராக ஃபண்டுக்குப் போகும். சம்பள விவரம் தனியாக, ஒவ்வொரு முறை சம்பளம் போடும்போதும் சிங்கிள் டச் பேரோல் வழியாக ஏடிஓவுக்குப் போய்விடும்.

எண்களை மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை போடுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு வீட்டில் யாரையாவது உட்கார வைத்து, பேசிக்காட்டுங்கள். என் மனைவிக்குக் கணக்கே பிடிக்காது. அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வந்த அன்றுதான் எனக்கே தெளிவானது.

கெடு தேதிகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காலாண்டு பாஸ் அக்டோபர் 28, பிப்ரவரி 28, ஏப்ரல் 28, ஜூலை 28. மாத பாஸ் என்றால் அடுத்த மாதம் 21.

படி 4: நான்கு கதைகள் தயார் செய்யுங்கள்

இங்கே "ரெக்கன்சிலியேஷன் என்றால் என்ன?" என்று வரையறை கேட்பது குறைவு. "கணக்கு ஒத்துப்போகாத ஒரு சமயத்தைச் சொல்லுங்கள், என்ன செய்தீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன ஆனது என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். தவறைக் கண்டுபிடித்தது, கெடு நெருக்கடியில் முடித்தது, கோபமான சப்ளையரையோ வாடிக்கையாளரையோ சமாளித்தது, நீங்களே செய்த ஒரு தவறு என நான்கு கதை போதும்.

ஒரு மாதிரி: "வங்கிக் கணக்கும் புத்தகமும் 270 டாலர் இடித்தது. வித்தியாசம் 9-ஆல் மிச்சமில்லாமல் வகுபட்டதால் எண்கள் இடம் மாறியிருக்கும் என்று சந்தேகப்பட்டேன். அந்த வாரத்துப் பதிவுகளைப் பார்த்தேன். 1,960 என்பது 1,690 என்று பதிவாகியிருந்தது. திருத்தினேன். அதன்பின் வாரம் ஒருமுறை ரெக்கன்சைல் செய்யும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன்." இவ்வளவுதான். 'நாங்கள் செய்தோம்' என்று பணிவாகப் பேசுவது நம் பழக்கம். இங்கே அது நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்கும். கூச்சப்படாமல் 'நான்' போடுங்கள்.

பேயபிள் வேலைக்கு அநேகமாக வரும் கேள்வி ஒன்று: "சப்ளையர் தன் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக ஈமெயில் அனுப்புகிறார், என்ன செய்வீர்கள்?" மாற்றிவிடுவேன் என்றால் முடிந்தது கதை; அது மோசடி ஈமெயிலாக இருக்கலாம். ஈமெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, நம் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு அழைத்து உறுதி செய்வேன், இன்னொருவர் ஒப்புதலோடுதான் மாற்றுவேன் என்பதுதான் பதில்.

"லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். ஆனாலும் கேட்கத்தான் செய்வார்கள். ஏடிஓ நடத்தும் டேக்ஸ் ஹெல்ப் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தால், குறைந்த வருமானக்காரர்களின் வரி ரிட்டர்னுக்கு உதவிய அனுபவம் கிடைக்கும். கிடங்கிலோ கடையிலோ வேலை செய்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். ஸ்டாக் எண்ணியதும் கல்லாவைச் சரிபார்த்ததும் கணக்கு வேலைதான்.

படி 5: ரெக்ரூட்டர் போன் வரும்போது

இதுவும் இன்டர்வியூதான். விசா என்ன, எப்போது சேர முடியும், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று மூன்று கேள்விகள் வரும். விசாவை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 485 (இங்கே படிப்பு முடித்தவர்களுக்கான தற்காலிக விசா) என்றால் முழுநேரம் வேலை செய்யலாம், எந்த மாதம் வரை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாணவர் விசா என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்.

சம்பளத்தில்தான் என் பழைய 'சூப்பர்' வருகிறது. 70,000 பிளஸ் சூப்பர் என்றால் சம்பளம் 70,000, அதற்கு மேல் 8,400 ஃபண்டுக்கு. 70,000 பேக்கேஜ், சூப்பர் உட்பட என்றால் சம்பளம் 62,500தான், 7,500 ஃபண்டுக்கு. எது என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதில் வெட்கமே வேண்டாம்.

வேலை வாங்கித் தர முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

படி 6: அந்த நாள்

பத்து நிமிடம் முன்னால் போங்கள். அரை மணி முன்னால் போய் வரவேற்பறையில் உட்கார்ந்தால் அவர்களுக்குத்தான் சங்கடம். பக்கத்தில் ஒரு காஃபி குடித்துவிட்டுப் போகலாம். மேலாளராக இருந்தாலும் முதல் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'சார்' வாயில் வந்துவிடும். வந்தால் பரவாயில்லை, அடுத்த முறை பெயரைச் சொல்லுங்கள். "வீக்கெண்ட் எப்படிப் போனது?" என்று ஆரம்பிப்பார்கள். "ஃபைன்" என்று வெட்டிவிடாமல் இரண்டு வாக்கியம் பேசுங்கள்.

சில இடங்களில் எக்செல் தேர்வு இருக்கும். எக்ஸ்லுக்கப் அல்லது விலுக்கப், சம்இஃப்ஸ், பிவட் டேபிள் மூன்றும் கை பழகியிருந்தால் சமாளிக்கலாம்.

கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். மாத முடிவை எத்தனை வேலை நாளில் முடிக்கிறீர்கள், இந்த இடம் ஏன் காலியானது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். ஒருமுறை நான் கேட்டதும் எதிரில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று இன்றும் நினைக்கிறேன்.

வெளியே வந்ததும், ரயில் ஏறுவதற்குள் அவர்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் போனில் எழுதி வைத்துவிடுங்கள். மாலையில் நான்கு வரியில் நன்றி ஈமெயில். ஒரு வாரமாகியும் பதில் இல்லையென்றால் ரெக்ரூட்டருக்கு நீங்களே போன் செய்து, எதில் குறை என்று கேளுங்கள். என்னிடம் ஒருவர் "பாஸ் கேள்வியில் திணறினீர்கள்" என்று வெளிப்படையாகவே சொன்னார். மேலே உள்ள காஃபிக் கடைக் கணக்கை நான் முதன்முதலில் போட்டது அன்று இரவுதான்.