ஸ்டைஃபிள்: எந்த இடத்தில் என்ன பொருள்?

ஆங்கிலத்தில் ‘ஸ்டைஃபிள்’ என்ற வினை வந்தால், அது எதைத் தடுக்கிறது என்று முதலில் பாருங்கள். புகையோ வெப்பமோ ஒரு ஆளை ஸ்டைஃபிள் செய்தால் மூச்சுத் திணறடிக்கிறது, நேர்ப்பொருள். கொட்டாவி, சிரிப்பு, விம்மல் என்றால் ‘அடக்கு’. திறமை, விவாதம், போட்டி, வளர்ச்சி என்றால் ‘முடக்கு’ அல்லது ‘ஒடுக்கு’.

காற்றை அடைப்பதுதான் இந்தச் சொல்லின் அடிப்படை, வெளியே வரவோ வளரவோ துடிப்பதை அமுக்குவது என்று அதிலிருந்தே மற்ற பொருள்களும் விரிகின்றன, அதனால் இந்த வழி பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஆனால் ‘ஸ்டைஃப்ளிங்’ என்று பெயரடையாக வந்தால் இது சரிப்படாது. அங்கே அடுத்து வரும் சொல்தான் திணறடிப்பது. வெப்பத்தோடு வந்தால் ‘புழுக்கம்’ என்றே எழுதலாம், எனக்கு அதுதான் மிகப் பொருத்தமாகப் படுகிறது.