கைக்குழந்தை முகம் பார்க்கும் விதத்தைக் கவனிப்பது எப்படி?

ஆட்டிசம் குறித்துக் கவலைப்படும் பெற்றோர் பெரும்பாலும், ‘குழந்தை என் கண்ணைப் பார்க்கிறதா’ என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். ‘போன மாதம் பார்த்த அளவுக்கு இந்த மாதமும் பார்க்கிறதா’ என்று கேட்பதே கூடுதல் பயன் தரும். அட்லாண்டாவின் மார்கஸ் ஆட்டிசம் மையத்தைச் சேர்ந்த வாரன் ஜோன்ஸும் அமி கிளினும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள் 2 மாத வயதில் மற்றக் குழந்தைகளைப் போலவே கண்களைப் பார்த்தார்கள். 2 முதல் 6 மாதங்களுக்குள் அந்தப் பார்வை படிப்படியாகக் குறைந்தது. அந்தக் குறைவை அளந்தது கண்ணசைவைப் பதியும் கருவி என்பதையும் மறக்கக்கூடாது. வெறுங்கண்ணால் அதைத் துல்லியமாக அறிய இயலாது. நாம் வீட்டில் கவனிப்பது மருத்துவரிடம் சொல்வதற்கான குறிப்பு மட்டுமே.

குழந்தை பால் குடித்து, தூங்கி எழுந்து, தெளிவாக இருக்கும் நேரம்தான் ஏற்றது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, குழந்தையை மடியில் மல்லாத்திக் கிடத்தி, உங்கள் முகத்தை ஒரு முழத்துக்கும் குறைவான தொலைவில் வையுங்கள். கிலுகிலுப்பை வேண்டாம், அது பார்வையை இழுத்துக்கொள்ளும். இரண்டு வார்த்தை கொஞ்சிப் பேசிவிட்டு, பத்து எண்ணும் வரை பேசாமல் காத்திருங்கள். குழந்தை உங்கள் கண்களைத் தேடுகிறதா, ‘ங்ங’ என்று குரல் கொடுக்கிறதா, உதட்டோரம் சிரிப்பு விரிகிறதா என்பதெல்லாம் அந்த மௌனத்தில்தான் தெரியும். உடன் இருப்பவர் இதை ஒரு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து, மாதம் இருமுறை இதையே செய்தால், மாற்றம் நினைவை நம்பாமல் கண்ணெதிரே இருக்கும். சலித்த குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வது இயல்பு. தாடையைப் பிடித்துத் திருப்பாதீர்கள்.

6 மாதத்தில் முகம் பார்த்து மலர்ந்து சிரிக்காமல் இருப்பது, 9 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாதது, ஓராண்டு கடந்தும் நீங்கள் காட்டும் காக்கையைப் பார்க்காதது ஆகியவற்றைக் கண்டால் குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதங்களை எண்ண வேண்டும். வந்த சிரிப்போ மழலையோ மறைந்துபோனால், எந்த வயதானாலும் தாமதிக்கக் கூடாது.

காது கேளாமையும் பார்வைக் குறையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால், முதலில் செவித்திறன், கண் பரிசோதனைகளைக் கேட்டுப் பெறுங்கள். ‘ஆண் குழந்தை எல்லாமே மெதுவாகத்தான் செய்யும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். அந்தச் சொல்லுக்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, தேதியிட்ட அந்த ஒரு நிமிடப் பதிவுகளைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடம் பத்து நிமிடத்தில் காண முடியாததை மருத்துவர் அவற்றில் காண்பார்.